பழைய சங்கிலி ரம்பங்கள்: மீட்டெடுப்பும் மாற்றியமைப்பும்

சங்கிலி ரம்பம் என்பது இயந்திர விசையால் ஓடும் பற்சங்கிலியைக் கொண்டு மரத்தை அறுக்கும் கருவி ஆகும். தமிழ்நாட்டில் இதைச் 'செயின் சா' என்றும் 'மரம் அறுக்கும் மெஷின்' என்றும் சொல்வார்கள். நீண்ட, தட்டையான எஃகுப் பட்டையின் விளிம்பில் உள்ள பள்ளத்தில் சங்கிலி சுற்றி ஓடுகிறது. அதைச் சிறிய பெட்ரோல் இயந்திரம் அல்லது மின்மோட்டார் இயக்குகிறது.

1940கள் முதல் 1970கள் வரை செய்யப்பட்ட ரம்பங்களைத் தேடி வாங்கி, பழுது நீக்கி மீண்டும் ஓட வைக்கும் வழக்கம் அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, ஸ்வீடன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் இருக்கிறது. மரம் வெட்டும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், இயந்திர ஆர்வலர்களும் இதில் ஈடுபடுகிறார்கள். ஒரு சாரார் ரம்பத்தைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே கொண்டு வருகிறார்கள். மற்றொரு சாரார் இயந்திரத்தைத் திருத்தி அதன் திறனைக் கூட்டுகிறார்கள்.

இரு வேலைகளுக்கும் ரம்பத்தின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். எந்த உறுப்பு எந்தக் குறையைப் போக்க வந்தது என்று தெரியாமல் அதில் கை வைப்பது ஆபத்தானது. ரம்பத்தில் வந்த முக்கியமான மாற்றங்கள் பலவும் மரத்தை வேகமாக அறுப்பதற்காக வந்தவை அல்ல. அதைப் பிடித்திருந்த தொழிலாளியின் கையைக் காப்பதற்காக வந்தவை.

தோற்றம்

சங்கிலியால் அறுக்கும் எண்ணம் முதலில் மருத்துவத்தில் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் இருவர் வளையக்கூடிய சிறு சங்கிலி ரம்பத்தைப் பயன்படுத்தினர். கடினமான பிரசவத்தில் இடுப்பெலும்பின் இணைப்பைப் பிரிக்கவும், நோயுற்ற எலும்பை அகற்றவும் அது உதவியது. 1830ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் ஹைனே, கைப்பிடியைச் சுழற்றினால் பட்டையைச் சுற்றிச் சங்கிலி ஓடும் எலும்பு ரம்பத்தை உருவாக்கினார். இன்றைய மர ரம்பத்தின் அடிப்படை அமைப்பு அதிலேயே தெரிகிறது.

காட்டு வேலைக்கான ரம்பம் 1920களில் ஜெர்மனியில் உருப்பெற்றது. ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1926இல் மின்சார ரம்பத்தையும் 1929இல் பெட்ரோல் ரம்பத்தையும் செய்தார். எமில் லெர்ப் 1927இல் தம் பெட்ரோல் ரம்பத்தைத் துரிங்கியா பகுதியில் உள்ள டோல்மர் என்னும் மலையில் சோதித்தார். அந்த மலையின் பெயரே அவருடைய நிறுவனத்தின் பெயராயிற்று. இந்த முதல் ரம்பங்கள் மிகவும் கனமானவை. லெர்ப்பின் ரம்பம் 58 கிலோ. ஷ்டீலின் பெட்ரோல் ரம்பம் 46 கிலோ. பட்டையின் இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டுதான் அறுக்க முடியும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன் ரம்பங்கள் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வருவது நின்றது. அந்நாடுகளில் உள்ளூர்த் தயாரிப்பு வளர்ந்தது. டிஸ்டன் நிறுவனம் மெர்க்குரி இயந்திரம் பொருத்திய இருவர் ரம்பங்களைச் செய்தது. அமெரிக்க இராணுவமும் அவற்றைப் பயன்படுத்தியது. இன்று சேகரிப்பாளர்கள் பெரிதும் தேடும் பழைய ரம்பங்களில் இவையும் உண்டு.

ஒருவர் கையாளும் ரம்பம்

போருக்குப் பின் அலுமினியம், மெக்னீசியம் ஆகிய இலேசான உலோகங்களால் இயந்திரக் கூடுகள் வார்க்கப்பட்டன. 1949இல் அமெரிக்காவின் மக்கல்லக் நிறுவனம் 3-25 என்னும் ரம்பத்தை வெளியிட்டது. அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ. ஷ்டீல் நிறுவனத்தின் ஒருவர் ரம்பமான பிஎல் 1950இல் 16 கிலோ எடையுடன் வந்தது. அதே நிறுவனம் 1959இல் வெளியிட்ட கான்ட்ரா என்னும் ரம்பம் 12 கிலோ எடையில் 6 குதிரைத்திறன் தந்தது. 1963இல் வந்த ஹோம்லைட் எக்ஸ்எல்-12, பட்டையும் சங்கிலியும் நீங்கலாகச் சுமார் ஐந்தரை கிலோ மட்டுமே இருந்தது.

எடை குறைந்ததற்கு இணையான மற்றொரு மாற்றம் கார்புரேட்டரில் நிகழ்ந்தது. தொடக்க கால ரம்பங்களில் மிதவை வைத்த கார்புரேட்டர் இருந்தது. சாய்த்தால் மிதவை நிலை மாறி இயந்திரம் நின்றுவிடும். ஆகவே இயந்திரத்தை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு பட்டையை மட்டும் திருப்பும் அமைப்பைச் செய்திருந்தார்கள். மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வு வைத்த கார்புரேட்டர் வந்த பிறகு, ரம்பத்தை எப்பக்கம் சாய்த்தாலும், தலைகீழாகப் பிடித்தாலும் ஓடியது.

புழுவின் தாடையும் புதிய சங்கிலியும்

இயந்திரம் முன்னேறிய அளவுக்குச் சங்கிலி முன்னேறவில்லை. பழைய சங்கிலியின் பற்கள் கை ரம்பத்தின் பற்களைப் போல மரத்தைச் சுரண்டித் தூளாக்கின. விரைவில் மழுங்கின. அரம் போட்டுத் தீட்டவே பெரும் பொழுது சென்றது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிய ஜோசப் பஃபர்டு காக்ஸ், 1946இல் ஓர் அடிமரத்தில் வண்டின் புழு ஒன்று மரத்தைக் குடைவதைக் கவனித்தார். புழுவின் வளைந்த இரு தாடைகளும் இடமும் வலமுமாக மாறி மாறி வெட்டின. மரத்தின் நாருக்குக் குறுக்கேயும் நெடுகேயும் அதனால் எளிதாக முன்னேற முடிந்தது. அந்தத் தாடையின் வடிவில் காக்ஸ் பற்களைச் செய்தார். இடப்பக்கம் ஒரு பல், வலப்பக்கம் ஒரு பல் என்று மாறி மாறி அமைந்த அச்சங்கிலி 1947இல் விற்பனைக்கு வந்தது. அது மரத்தைச் சீவல்களாக வெட்டி எறிந்தது. இன்றைய சங்கிலிகள் பலவும் அந்த வடிவத்தின் வழி வந்தவையே.

தொழிலாளியின் கை

1950கள், 1960களின் ரம்பங்களில் இயந்திரமும் கைப்பிடியும் நேரடியாகத் திருகி இணைக்கப்பட்டிருந்தன. இயந்திரத்தின் அதிர்வு முழுவதும் கைகளுக்குச் சென்றது. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு வேலை செய்தவர்களுக்கு விரல்களில் இரத்த ஓட்டம் தடைப்பட்டது. குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. சட்டைப் பொத்தானைப் போடக்கூட முடியாத நிலைக்குச் சிலர் வந்தனர். இதற்கு 'வெள்ளை விரல் நோய்' என்று பெயர். ஜப்பானில் விரல்கள் மெழுகுபோல் வெளுத்ததால் 'வெண்மெழுகு நோய்' என்று அழைத்தனர். பிரிட்டன் 1985இல் இதை இழப்பீடு பெறத்தக்க தொழில்நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

1960களின் நடுப்பகுதியிலிருந்து இயந்திரத்துக்கும் கைப்பிடிக்கும் இடையே ரப்பர்த் தாங்கிகள் வைக்கப்பட்டன. பின்னர் சில வகைகளில் சுருள்வில்கள் வந்தன. இந்தச் சிறு மாற்றத்தின் பயனைப் பின்லாந்தின் சுவோமுசால்மி பகுதியில் நடந்த நீண்டகால ஆய்வு காட்டியது. அங்கே காட்டுத் தொழிலாளர்களில் வெள்ளை விரல் நோய் உடையவர்கள் 1972இல் 40 விழுக்காடு. 1990இல் 5 விழுக்காடு. அதே காலத்தில் ரம்பங்களின் அதிர்வு முடுக்கம் நொடி வர்க்கத்துக்கு 14 மீட்டரிலிருந்து 2 மீட்டராகக் குறைந்திருந்தது.

மற்றோர் ஆபத்து எதிர்வீச்சு. பட்டை முனையின் மேல்பகுதி ஏதேனும் கிளையில் பட்டால், கண் இமைப்பதற்குள் ரம்பம் பின்னோக்கி எழும்பி, பிடித்திருப்பவரின் முகத்தையோ கழுத்தையோ தாக்கும். அந்நேரம் சங்கிலியை உடனே நிறுத்தும் பிரேக் 1970களின் தொடக்கத்தில்தான் பரவத் தொடங்கியது. அதற்கு முந்தைய ரம்பங்கள் பெரும்பாலானவற்றில் சங்கிலி பிரேக் இல்லை. பலவற்றில் முன்கைக் காப்பும் இல்லை.

மீட்டெடுக்கும் முறை

பழைய ரம்பங்களில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டர் கொண்ட டூ ஸ்ட்ரோக் இயந்திரம். ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய மோட்டார் சைக்கிள்களைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு புதிதல்ல. வால்வுகள் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைத் திறந்து மூடுவதாலேயே எரிபொருள் உள்ளே வருவதும் புகை வெளியேறுவதும் நடக்கின்றன.

பல ஆண்டுகள் கிடந்த ரம்பத்தின் கயிற்றை உடனே இழுத்துப் பார்ப்பது தவறு. உள்ளே துருவோ மணலோ இருந்தால் சிலிண்டர் சுவர் கீறிப்போகும். முதலில் சைலன்சரைக் கழற்றி, புகைத்துளை வழியாகப் பிஸ்டனைப் பார்க்க வேண்டும். வழவழப்பாக இருந்தால் நல்லது. நெடுக்கில் ஆழமான கீறல்கள் தெரிந்தால், எண்ணெய் போதாமல் பிஸ்டன் ஒருமுறையேனும் இறுகியிருக்கிறது என்று பொருள். பிஸ்டன் சிக்கியிருந்தால் ஸ்பார்க் பிளக் துளை வழியே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிச் சில நாள் ஊற விட வேண்டும். பிறகு அழுத்தமானியால் கம்ப்ரஷன் பார்க்கப்படும். பல இயந்திரங்களில் 150 பிஎஸ்ஐ நல்ல நிலையையும், 100க்குக் கீழான அளவு தேய்மானத்தையும் காட்டும்.

அடுத்து மின்பொறி. எலக்ட்ரானிக் இக்னிஷன் ரம்பங்களுக்கு வந்தது 1960களின் இறுதியில்தான். அதற்கு முந்தையவற்றில் ஃபிளைவீலுக்கு அடியில் பாயிண்டும் கண்டன்சரும் இருக்கும். பயன்படாமல் கிடக்கும்போது பாயிண்டின் முகத்தில் ஆக்சைடு படிந்து மின்சாரம் பாயாது. செத்துவிட்டதாக ஒதுக்கிய ரம்பம், பாயிண்டைத் துடைத்து இடைவெளியைச் சரிசெய்ததும் ஓடத் தொடங்குவது இத்துறையில் அடிக்கடி நடப்பது. இடைவெளி பெரும்பாலும் 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதை ஃபில்லர் கேஜால் அளப்பார்கள்.

மூன்றாவது எரிபொருள் வழி. ரப்பர்க் குழாய்கள் விறைத்து வெடித்திருக்கும்; கார்புரேட்டரின் சவ்வு காகிதம்போல் ஆகியிருக்கும். இவற்றை மாற்றியே ஆக வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் உறுப்புகளையும் கெடுக்கும். அதனால் வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து வைப்பது வழக்கம்.

நான்காவது, பலரும் விட்டுவிடும் சோதனை: கிராங்க் அறையில் காற்றுக் கசிவு. கிராங்க் தண்டின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீல்கள் காலப்போக்கில் இறுகிவிடும். அவற்றின் வழியே காற்று புகுந்தால் எரிபொருள் கலவையில் பெட்ரோலும் அதனுடன் வரும் எண்ணெயும் குறைந்து, பிஸ்டன் சூடேறி உருகும். எனவே துளைகளை அடைத்து, சிறிதளவு காற்றழுத்தம் கொடுத்து அது இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு காற்றை உறிஞ்சி வெற்றிடமும் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். இதைச் செய்யாமல் ஓட்டிப் பார்த்து, கிடைத்தற்கரிய சிலிண்டரை இழந்தவர்கள் உண்டு.

எண்ணெய்க் கலவையும் கவனிக்கத்தக்கது. அக்கால ரம்பங்கள் சிலவற்றின் கையேடுகள் 16 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் சேர்க்கச் சொல்லின. இன்றைய ரம்பங்களுக்கு 50க்கு 1 போதும். இன்றைய எண்ணெய் தரம் உயர்ந்தது என்பதால் மீட்டெடுப்பவர்கள் பலர் 32க்கு 1 போன்ற இடைப்பட்ட அளவைக் கையாள்கிறார்கள். சங்கிலிக்கு எண்ணெய் விடும் வேலையும் முன்பு மனிதருடையதே. பல பழைய ரம்பங்களில் கட்டைவிரலால் ஒரு பொத்தானை அவ்வப்போது அழுத்தினால்தான் சங்கிலிக்கு எண்ணெய் போகும்.

வெளிப்பூச்சு குறித்து ஒரு கருத்து வேறுபாடு உண்டு. பெயிண்டை முழுவதும் சுரண்டிப் புதிதாக அடிப்பவர்கள் ஒரு சாரார். தேய்ந்த பெயிண்டும் கைபட்டு மழமழத்த கைப்பிடியும் வேலையின் சான்றுகள் என்று விட்டுவைப்பவர்கள் மற்றொரு சாரார். மெக்னீசியக் கூடு ஈரத்தில் வெண்பொடியாக அரிக்கும் என்பதால், அரிப்பு தொடங்கிய இடத்துக்கு மட்டுமேனும் பூச்சு தேவை. அமிலம் கொண்டு தூய்மை செய்வது மெக்னீசியத்தைத் தின்றுவிடும். மண்ணெண்ணெயும் தூரிகையுமே பாதுகாப்பானவை.

மாற்றியமைத்தல்

ரம்ப இயந்திரத்தின் திறனைக் கூட்டும் கலை பந்தயக் களத்தில் வளர்ந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் கோ-கார்ட் என்னும் சிறு வண்டிப் பந்தயம் பரவியது. இலேசான, அதிக வேகத்தில் சுழலும் இயந்திரம் அதற்குத் தேவைப்பட்டது. மக்கல்லக் நிறுவனம் 1959இல் தன் ரம்ப இயந்திரத்திலிருந்து எம்சி-10 என்னும் கார்ட் இயந்திரத்தை உருவாக்கியது. பின்னர் வந்த எம்சி-101 கார்ட் இயந்திரமும் எஸ்பி-125 ரம்பமும் 123 சிசி அளவுடையவை; ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே கார்ட் இயந்திரத்தின் உறுப்புகளை ரம்பத்தில் பொருத்துவது இன்றும் ஆர்வலர்களிடையே நடக்கிறது. நிறுவனர் ராபர்ட் மக்கல்லக் 1968இல் பழைய லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கி, அரிசோனா மாநிலத்தின் லேக் ஹவாசு நகரில் மீண்டும் கட்டியவர் என்ற வகையிலும் அறியப்படுகிறார்.

மாற்றங்களில் எளியது சைலன்சரின் வாயை அகலமாக்குவது. புகை தடையின்றி வெளியேறுவதால் இயந்திரம் விரைவாகச் சுழலும். ஆனால் அத்துடன் கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைக் கூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் சில நிமிடங்களில் பிஸ்டன் இறுகிவிடும். சரியான அளவைச் செவியால் அறிவார்கள். சுமையின்றி முழு வேகத்தில் ஓடும்போது ஒலி சற்றே தடதடக்க வேண்டும். சங்கிலி மரத்தில் இறங்கியதும் அது தெளிந்துவிட வேண்டும். எப்போதும் தெளிவாகவே ஒலித்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்.

அடுத்தது சிலிண்டர் துளைகளைத் திருத்தும் 'போர்ட்டிங்'. கிராங்க் தண்டில் டிகிரி அளவிட்ட வட்டத் தகட்டைப் பொருத்தி, ஒவ்வொரு துளையும் எந்தக் கோணத்தில் திறக்கிறது, மூடுகிறது என்று முதலில் குறித்துக்கொள்வார்கள். பிறகு சிறு அரைப்பானால் துளையைத் தேய்ப்பார்கள். புகைத்துளையின் மேல்விளிம்பை உயர்த்தினால் அதிவேகத்தில் திறன் கூடும். குறைந்த வேகத்தில் இழுவிசை குறையும். துளையை மிகுதியாக அகலப்படுத்தினால் பிஸ்டன் வளையம் அதில் மாட்டி உடையும். சிலிண்டருக்கு அடியில் உள்ள கேஸ்கட்டை எடுத்துவிட்டுக் கம்ப்ரஷனைக் கூட்டுவதும் உண்டு. அப்போது பிஸ்டனின் உச்சிக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இடைவெளியேனும் இருக்க வேண்டும். மெல்லிய ஈயக் கம்பியை உள்ளே விட்டு நசுக்கி அதன் தடிமனை அளந்து இதை உறுதி செய்வார்கள்.

இக்கலையின் உச்சத்தை மரம் வெட்டும் போட்டிகளில் காணலாம். 1985இல் தொடங்கிய டிம்பர்ஸ்போர்ட்ஸ் போட்டித் தொடரில் 'ஹாட் சா' என்னும் பிரிவு உண்டு. பனிச்சறுக்கு வண்டி அல்லது மோட்டார் சைக்கிளின் இயந்திரம் பொருத்திய தனிச்செய்கை ரம்பத்தால் கிடைமட்டக் கட்டையிலிருந்து மூன்று வில்லைகளை வெட்ட வேண்டும். சங்கிலி மணிக்கு 240 கிலோமீட்டர் வரை ஓடும். வழக்கமான ரம்பங்களில் இது சுமார் 100 கிலோமீட்டர்.

மீட்பா, மாற்றமா?

மக்கல்லக் நிறுவனம் 1999இல் திவாலானது. வேறு பல பழைய நிறுவனங்களும் மறைந்துவிட்டன. அவற்றின் சிலிண்டர், பிஸ்டன், காயில் ஆகியன புதிதாகக் கிடைப்பதில்லை. ஒரு ரம்பத்தை ஓட வைக்க அதே வகை ரம்பங்கள் இரண்டைப் பிரிக்க நேர்வதும் உண்டு. இந்நிலையில் அரிய ரம்பத்தின் சிலிண்டரைத் தேய்ப்பது, திரும்பப் பெற முடியாத ஒன்றை அழிப்பதாகும். தேய்த்த உலோகத்தை மீண்டும் ஒட்ட வைக்க இயலாது.

ஆகையால் பொறுப்புள்ள ஆர்வலர்கள் சில நடைமுறைகளைப் பின்பற்றுகிறார்கள். ஏராளமாகக் கிடைக்கும் வகைகளை மட்டுமே திருத்துகிறார்கள். கழற்றிய அசல் உறுப்புகளைப் பெயரெழுதிப் பத்திரப்படுத்துகிறார்கள். திருப்பி மாற்றக்கூடிய மாற்றங்களை முதலில் முயல்கிறார்கள். இதற்கு எடுத்துக்காட்டு சங்கிலி. அரை அங்குலப் பிட்ச் கொண்ட பழைய சங்கிலி இன்று அரிது. பல்சக்கரத்தையும் பட்டையையும் மாற்றினால் இன்று எளிதில் கிடைக்கும் சங்கிலியைப் போடலாம். பழையவற்றை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பொருத்தவும் முடியும்.

பயன்பாட்டின் எல்லை

மீட்டெடுத்த ரம்பம் நன்றாக ஓடுவதனாலேயே பாதுகாப்பானதாகிவிடாது. பெயிண்டும் மின்பொறியும் புதிதானாலும் அதிர்வு 1955இல் இருந்ததுதான். சங்கிலி பிரேக் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. திறன் கூட்டிய பழைய ரம்பத்தில் ஆபத்து மேலும் மிகுதி. சங்கிலியின் வேகம் கூடியிருக்கும். அதை நிறுத்தும் வழி கூடியிருக்காது. பெரிய இயந்திரங்களில் கயிற்றை இழுக்கும்போது எதிர்விசை தாக்கி விரலோ மணிக்கட்டோ முறிவதும் உண்டு. பிற்கால ரம்பங்களில் இதைத் தடுக்க அழுத்தம் தளர்த்தும் வால்வு வைத்தார்கள்.

எனவே அனுபவமுள்ளவர்கள் பழைய ரம்பத்தைத் தரையில் உறுதியாகக் கிடத்திய கட்டையைச் சிறிது நேரம் அறுத்துக் காட்ட மட்டுமே பயன்படுத்துகிறார்கள். நிற்கும் மரத்தை வெட்டவும், கிளை கழிக்கவும், மரத்தின் மீது ஏறி அறுக்கவும் புதிய ரம்பத்தையே எடுக்கிறார்கள். ஒலி 100 டெசிபலைத் தாண்டும் என்பதால் காதுக் காப்பு கட்டாயம். தலைக்கவசம், முகக்காப்பு, சங்கிலி பட்டால் அதன் ஓட்டத்தைத் தடுக்கும் நார் அடைத்த காற்சட்டை, உறுதியான காலணி ஆகியனவும் தேவை. சில நாடுகளில் ரம்பம் வைத்திருக்கவே அனுமதி வேண்டும். பிலிப்பைன்ஸ் நாடு காடழிப்பைத் தடுக்க 2002இல் சங்கிலி ரம்பச் சட்டத்தை இயற்றி, அதன் விற்பனையையும் உடைமையையும் ஒழுங்குபடுத்தியது.

கண்காட்சிகளில் பழைய ரம்பத்தையும் பிற்கால ரம்பத்தையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுவது மாணவர்களுக்குப் பயனுள்ளது. முதலாவதில் கைப்பிடி இயந்திரத்தோடு நேராகத் திருகப்பட்டிருப்பதையும், இரண்டாவதில் இடையே ரப்பர்த் தாங்கி இருப்பதையும் கையால் தொட்டே அறியலாம். உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த ரப்பர்த் துண்டு வருவதற்கு முன், ஒரு தலைமுறைக் காட்டுத் தொழிலாளர்கள் பலர் தம் விரல்களின் உணர்ச்சியை இழந்திருந்தார்கள்.